பதிவேட்டை எக்செலுக்கு ஏற்றும் முன்

ஹட்டன், நுவரெலியா பக்கம் தோட்ட அலுவலகம், மரண உதவிச் சங்கம் என்று பலரும் பழைய பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுகிறார்கள். நல்லதுதான், ஆனால் பெயரை நம்பாதீர்கள். செக்ரோலில் (தோட்டத்தின் வேலை வருகை, சம்பளப் பதிவேடு) ராமாயி, அடையாள அட்டையில் இராமாயி, சேமலாப நிதியில் இன்னொன்று! அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே ஆளைப் பிரித்தறியுங்கள்.

தட்டச்சு தொடங்குமுன் அந்த இலக்கம் வரும் நிரலின் வடிவத்தை எக்செலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய 12 இலக்க எண்ணை எக்செல் தசமப் புள்ளியோடு சுருக்கிக் காட்டும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும்தான். அங்கே 85 என்று தொடங்குவது புதியதில் 1985 என்று தொடங்கும். ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகிவிடலாம். அதனால் பழையதற்கும் புதியதற்கும் தனித்தனி நிரல் வையுங்கள்.

அப்புறம், கைப்பிரதிக் கொப்பியை இப்போதைக்குத் தூக்கி எறிய வேண்டாம்.