தாத்தாவா, பேரனா? ஊர்க்காரர் ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடும்போது வழுக்கும் இடங்கள்

எங்கள் ஊர்க் குளத்தின் வடகரையில், மேலிருந்து மூன்றாவது படியில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. ஒரு முன்னெழுத்து, பெயர், சாதிப் பட்டம், 'உபயம்' என்ற சொல், கீழே 'தாது வருஷம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். கும்பாபிஷேக மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். தாது வருஷம் என்றதும் எனக்கு ஒரே குஷி. தாது வருஷப் பஞ்சம் தெரியாதவர் யார்? 1876-ல் மழை பொய்த்து ராஜதானியே பட்டினி கிடந்தபோது படி கட்டும் வேலை கொடுத்து ஊருக்குச் சோறு போட்ட புண்ணியவான் என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதே பெயரில் 1870-களின் கிரயப் பத்திரம் ஒன்றும் கையில் இருந்தது. சந்தேகம் எங்கிருந்து வரும்?

மலர் அச்சாகி வந்த மறுவாரம், படியில் பெயர் உள்ளவரின் வீட்டு ஆச்சி கூப்பிட்டு விட்டார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. "யய்யா, படி கட்டுனது எங்க மாமனாருல்லா. நான் வாக்கப்பட்டு வந்தப்ப கல்லு புதுசாத்தான் கெடந்துச்சு. நீ எழுதியிருக்கது அவுக தாத்தாவப் பத்தி."

தாது 1876-ல் மட்டும் வந்த வருஷம் இல்லை. அதற்கு முன் 1816-ல் வந்தது, அப்புறம் 1936-லும் வந்தது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். நம் வீடுகளிலோ தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான் என்பார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே எத்தனை வருஷம் இருக்கும்? ஐம்பது, அறுபது. ஆகவே ஒரே பெயரும் ஒரே வருஷப் பெயரும் பொருந்தி வந்தால் அதை உறுதி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. இரண்டும் சேர்ந்து பொருந்துகிற இடத்தில்தான் ஆள் மாறியிருக்க அதிக வாய்ப்பு. கல்லிலிருந்த முன்னெழுத்தையாவது நான் கவனித்திருக்க வேண்டும். பெயருக்கு முன் ஒற்றை எழுத்துப் போடும் பழக்கம் பள்ளிக்கூடமும் ஆபீஸும் வந்த பிறகு பரவியது. 1876-ன் கிராமத்துக் கல்லில் அது இருந்தால் யோசித்திருக்க வேண்டாமா?

சோழர் கல்வெட்டிலும் இதே வம்புதான் என்பது பிற்பாடு புரிந்தது. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். 'கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 10', அதாவது பரகேசரி அரசனின் பத்தாம் ஆட்சி ஆண்டு, என்று மட்டும் இருந்தால் அது முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவம், கூட வரும் ஊர்ப் பெயர், அதிகாரி பெயர் இவற்றைப் பார்க்காமல் கி.பி. ஆண்டு போடுபவர்கள் என்னைப் போன்றவர்கள். இன்னொன்று, கல்வெட்டில் வரும் நீண்ட பெயர்கள் பலவும் பட்டங்கள். 'மூவேந்தவேளான்' என்று முடியும் ஒருவரின் முன்பாதி பெரும்பாலும் அரசனின் பெயரிலிருந்தோ பட்டத்திலிருந்தோ வந்தது. அதை அவருடைய சொந்தப் பெயர் என்று எண்ணி வேறு ஊர்க் கல்வெட்டில் தேடினால், ஒரே பட்டம் வாங்கிய இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவோம்.

வருஷக் கணக்கு

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு சர்வ சாதாரணம். ஆவணியில் பிறக்கிற ஆண்டு அது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ம், ஜனவரியிலிருந்து ஆடி வரை 825-ம் கூட்ட வேண்டும். கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். கொல்லம் 1099-ல் வந்த அந்த வெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. வருவாய்த்துறைக் கணக்கில் பசலி வரும். அதற்கு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. சக ஆண்டுக்கு 78. பத்திரத்தில் '1052' என்று வெறும் எண் இருந்தால் முதலில் அது எந்தக் கணக்கு என்று பாருங்கள். கொல்லம் என்றால் 1870-களின் பிற்பகுதி, பசலி என்றால் 1640-களின் தொடக்கம். இருநூறு வருஷத்துக்கு மேல் வித்தியாசம்.

கிடைத்த ஆண்டை உடனே கி.பி.க்கு மாற்றி, மூலத்தில் இருந்ததைக் குறிக்காமல் விடுவதும் ஒரு தவறு. நோட்டில் இரண்டையும் எழுதிவைத்தால்தான் பின்னால் தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும்.

பெயரை விட்டு நிலத்தைப் பிடிக்க வேண்டும்

நம்மில் பலரும் பெயரை வைத்துத்தான் தேடுகிறோம். எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிராமத்தில் ஒரே காலத்தில் நாலு சுப்பிரமணியன் இருப்பார்கள். ஆங்கிலப் பதிவில் அதே ராமசாமி நாலு விதமான எழுத்துக்கூட்டலில் வருவார். பட்டமும் நம்பத் தகுந்ததில்லை. ஒரு பத்திரத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. 'பிள்ளை' என்ற பட்டத்தைப் பல சாதியார் போட்டுக்கொண்டார்கள். ஆனால் நிலம் நகராது. சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், யார் யாரிடமிருந்து வாங்கினார், அவர் தகப்பன் யார், பாகம் பிரிந்தது எப்போது என்று வரிசையாக விழும்.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. இன்றைய சர்வே எண் நூறு வருஷத்துக்கு முந்தைய எண் இல்லை. மறு அளவையில் எண்கள் மாறியிருக்கும், உட்பிரிவு பிறந்திருக்கும். பழைய எண், புதிய எண் ஒப்பீடு கேட்டு வாங்காமல் பழைய பதிவேட்டைப் புரட்டினால் வேறு யாருடைய வயலையோ பார்த்துக்கொண்டிருப்போம். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டுவதும் அப்படித்தான். கணினியில் ஏற்றிய ஆண்டுகளை மட்டுமே அது காட்டும். அதற்கு முந்தையதற்கு சார் பதிவாளர் அலுவலகத்தில் தனியே மனுப் போட்டு, கையால் தேடச் சொல்ல வேண்டும்.

பத்திரம் கிடைத்ததும் விற்றவர், வாங்கியவர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடுவோம். உண்மையான புதையல் நான்கெல்லையில் இருக்கிறது. 'இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு' என்று எழுதியிருப்பார்கள். தன் வாழ்நாளில் ஒரு பத்திரமும் பதியாத மனிதர்கூட அடுத்தவர் பத்திரத்தில் எல்லைக்காரராக நிற்பார். கடைசியில் சாட்சி போட்டவர்கள், பத்திரம் எழுதியவர், கையெழுத்தா கீறலா என்பதும் பார்க்க வேண்டியவை. நான் தேடிய பேரனின் மச்சினர் யார் என்பது ஒரு சாட்சிக் கையெழுத்திலிருந்துதான் தெரிந்தது.

மானிய நிலம் என்றால் இனாம் பதிவேடு கிடைக்கும். 1858-ல் இனாம் கமிஷன் அமைந்து, 1860-களில் ஊர் ஊராக விசாரித்து எழுதியது அது. முதலில் மானியம் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, அவருக்கும் முதலில் பெற்றவருக்கும் என்ன உறவு என்றெல்லாம் கட்டங்கள் இருக்கும். வம்சாவளி தேடுபவருக்கு விருந்துதான். ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கக் கூடாது. அனுபவிப்பவரின் பெயரும் வயதும் அதிகாரி முன் நின்ற ஆளைப் பற்றியவை, ஓரளவு நம்பலாம். 'கொடுத்தவர்' என்ற கட்டம் பெரும்பாலும் அந்த ஆள் சொன்ன குடும்பக் கதை. நாயக்கர் கொடுத்தார், பாண்டியர் கொடுத்தார் என்று சொன்னால் மானியம் உறுதியாகும் என்ற நிலையில் யார்தான் சொல்ல மாட்டார்கள்?

ஜமீன் ஊராக இருந்தால் கதையே வேறு. சர்க்கார் நேரடியாக வரி வாங்கிய ஊர்களுக்கு இருப்பது போன்ற குடிவாரிக் கணக்கு (குடியானவர் ஒவ்வொருவருக்குமான நிலக் கணக்கு) அங்கே பெரும்பாலும் கிடைக்காது. பல ஜமீன் ஊர்களில் 1948-ன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் பட்டாவே வந்தது. 1880-ன் செட்டில்மெண்ட் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அவர் அந்த ஊர்க்காரரே இல்லை என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் படித்திருக்கிறேன். பாவம், அந்த ஊர் ஜமீன்.

எந்த ஜில்லா, எந்த ராஜ்யம்

நிலம் நகராது என்றேன். ஆனால் அதன் மேல் போட்ட எல்லைக்கோடு நகரும். ராமநாதபுரம் ஜில்லா 1910-ல், மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிரித்து உண்டாக்கப்பட்டது. அதற்கு முன் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆளைத் தேட வேண்டுமானால் திருநெல்வேலிக் கணக்கில் தேட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை; திருவிதாங்கூர் ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர் கையில்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால் ஒன்று. 'எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தரைப் பத்திப் பார்க்கணும்' என்று கேட்டால் அங்கே யாராலும் உதவ முடியாது. அரசாணை எண், தேதி, துறை இந்த மூன்றும் வேண்டும். அட்டவணைத் தொகுதிகளோடு இரண்டு நாள் உட்கார்ந்து எண் பிடித்துக்கொண்டு கேட்டால் கட்டு வெளியே வரும்.

மூன்று புத்தகம், ஒரே சாட்சி

ஒரு தகவல் மூன்று நூல்களில் இருந்தால் உறுதி என்று நினைக்கிறோம். 1906-ல் வந்த மதுரை கெஜட்டியர் (சர்க்கார் வெளியிட்ட ஜில்லா விவர நூல்) பல இடங்களில் 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை மானுவலை அடியொற்றிப் போகிறது. அதற்குப் பின் வந்த தமிழ் நூல் கெஜட்டியரைப் பார்த்து எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் சாட்சி ஒருவர்தான். என் நாலு பக்கக் கட்டுரைக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது: பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதை 'ஆதாரம்' என்று காட்டிப் பஞ்ச நிவாரணத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

பதிவில் இல்லாதவர்கள்

நில ஆவணம் நிலம் வைத்திருந்தவர்களுக்கானது. பெண்கள் அதில் 'இன்னார் பாரி' (மனைவி), 'இன்னார் விதவை' என்று வருவார்கள், சில சமயம் சொந்தப் பெயரே இல்லாமல். நிலமற்றவர்களைப் பத்திரத்தில் தேடிவிட்டு 'தகவல் இல்லை' என்று எழுதுவது அநியாயம். அவர்களை மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும், நீதிமன்றக் கட்டுகளிலும், கப்பல் பட்டியல்களிலும் தேட வேண்டும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பட்டியல்களில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதப்பட்டிருக்கிறது. ஊர்ப் பெயர் குமாஸ்தா காதில் விழுந்தபடி இருக்கும்; வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும். வயது 20, 25, 30 என்று ஐந்தைந்தாகக் கண்டால் அது உத்தேச வயது; அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட வேண்டாம்.

கப்பல் என்றதும் நியூசிலாந்தின் தமிழ் மணி ஞாபகம் வருகிறது. 1830-களில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். உடைந்த வெண்கல மணி. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'முகைய்யதீன் வக்குசு' கப்பலின் மணி என்று தமிழில் எழுதியிருக்கிறது. உடனே அந்த முகைதீன் பக்ஸ் நியூசிலாந்துக்குப் போன தமிழ் மாலுமி என்று வரலாறு தயாராகிவிடுகிறது. அது உரிமையாளர் பெயரா, கப்பலின் பெயரா? முகைதீன் ஆண்டவர் என்ற இஸ்லாமிய ஞானியின் பெயரை ஆளுக்கும் வைப்பார்கள், கப்பலுக்கும் வைப்பார்கள். மணி கப்பலோடு போனதா, கைமாறிக் கைமாறிப் போனதா? ஒரு பொருள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அதில் பெயர் உள்ள மனிதரும் போனார் என்று மணி சொல்லவில்லை.

ஊரில் வயதானவர்களிடம் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதல் தடவை அந்தத் தெருவில் விசாரித்தபோது, 'பஞ்சத்துல படி கட்டுனவரு உங்க முன்னோருதானே?' என்று கேட்டேன். பெருமை சேர்க்கிற கேள்விக்கு யாராவது இல்லை என்பார்களா? எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஆச்சியிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் உள்ளே படுத்திருந்தார். 'படி கட்டுனது யாரு? நீங்க வந்தப்ப எப்படி இருந்துச்சு?' என்று கேட்டிருந்தால் போதும்.

விற்காமல் மிச்சமிருந்த மலர்ப் பிரதிகளில் ஒரு திருத்தச் சீட்டு அடித்து ஒட்டினேன். ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள் வீட்டில் இன்றைக்கும் தாத்தாதான் பஞ்சத்தில் படி கட்டிக்கொண்டிருக்கிறார்.