கடைக்குப் போய்ச் சேராத யூபிஐ பணத்தை இழப்பீட்டோடு வாங்கியது இப்படித்தான்

ஹார்டுவேர் கடையில் பெயின்ட்டுக்கு க்யூஆர் ஸ்கேன் செய்து 2,340 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வங்கியில் கேட்டால், "வெயிட் பண்ணுங்க சார், வந்துடும்" என்பதே பதில்.

பிறகு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். கடைக்குச் செலுத்திய யூபிஐ பணம் உறுதியாகாமல் நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது என்றால் கெடு 1 நாள்தான். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் நாம் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும். பலருக்கு இது தெரியாமலே போவதுதான் எனக்கு ஆற்றாமை.

செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் கீழேயே புகார் பதிந்தேன். 12 இலக்க யூடிஆர் எண் (பரிவர்த்தனையின் அடையாள எண்), கழிந்த தேதி, கணக்கு அறிக்கை, சுற்றறிக்கையின் பெயர் எல்லாம் வைத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் போட்டேன். 30 நாளில் தீராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன்; அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. முதலில் அசல் மட்டும் வந்தது. இழப்பீடு எங்கே என்று அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாகக் கேட்டேன். தாமதமான நாட்களைக் கணக்கிட்டு அதையும் வரவு வைத்தார்கள்.