5,10,510: கமாவை நம்பி மோசம் போகாதீர்கள்

பாம்பனில் சாயங்கால டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு வருஷம் ஒருமுறையாவது 5,10,510-ஐப் பலகையில் எழுதிவிடுவேன். முதல் ஏழு பகா எண்களின் பெருக்கல்பலன் அது: 2×3×5×7×11×13×17. இதில் சறுக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெரிய சறுக்கல் கமாவில்தான். 7, 11, 13 மூன்றுக்கும் பொதுவாக ஒரு சோதனை உண்டு. எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, கடைசித் தொகுதியில் தொடங்கி ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். வருவது 0 என்றால் மூன்றாலும் வகுபடும். 7-இன் மடங்கு என்றால் 7-ஆல் வகுபடும், மற்றதும் அப்படியே. 7×11×13 = 1001, ஆயிரத்தைவிட ஒன்று கூட. அதனால்தான் மும்மூன்று. நாமோ லட்சம், கோடிக்குக் கமா போடுகிற ஆட்கள். பலகையில் இருக்கிற கமாவிலேயே வெட்டி, 510 − 10 + 5 = 505 என்று போட்டு, "ஏழால போகாது சார்" என்று அடித்துச் சொல்வார்கள். 510, 510 என்று வெட்டினால் மிச்சம் 0! போதாக்குறைக்குச் சில கைபேசிகள் கமாவை ஒரு மாதிரி, சில வேறு மாதிரி காட்டும். சோதனைக்கு முன் கமாவை அழித்துவிடுங்கள்.

இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். கூட்டுத்தொகை 12, அதை வைத்து 7-ஐப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

6-ஆலும் 10-ஆலும் வகுபடுகிறதே, அப்படியானால் 60-ஆலும் வகுபடுமா? படாது. ஆறு நாளுக்கொருமுறை கரை திரும்பும் படகும் பத்து நாளுக்கொருமுறை திரும்பும் படகும் இன்று ஒன்றாக வந்தால், மறுபடி சேர்ந்து வருவது 30-ஆம் நாள். படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 6, 10 இரண்டிலும் 2 இருக்கிறது. அதை இரண்டு தரம் எண்ணக்கூடாது.

நானே ஏமாந்த இடம் ஒன்று உண்டு. முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் 3, 7, 31, 211, 2311 என்று வரும். எல்லாமே பகா எண்கள். இப்படியே போகும் என்று பள்ளி நாளில் நம்பியிருந்தேன். அடுத்ததே கவிழ்ந்துவிடும்: 30031 = 59×509. நம் எண்ணோடு 1 கூட்டினாலும் அதே கதை. 5,10,511-ஐ 17 வரை எந்தப் பகா எண்ணாலும் வகுக்க முடியாது. அதோடு நிறுத்தி "பகா எண்" என்று எழுதிவிடுவார்கள். அடுத்த பகா எண்ணான 19-ஐப் போட்டிருந்தாலே உடைந்திருக்கும்: 19×97×277. வர்க்கமூலம் வரைக்கும், அதாவது இங்கே 714 வரைக்கும், பார்த்தாக வேண்டும். (வேடிக்கை என்னவென்றால், 714×715-ஐப் பெருக்கினால் வருவது 5,10,510 தான்.)

கடைசியாக, காரணிகளின் எண்ணிக்கை. ஏழு பகா எண்கள் இருப்பதால் காரணிகளும் ஏழு என்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம், விடலாம். ஆக 2-ஐ ஏழு முறை பெருக்கி 128. சரி, எண்ணை இரட்டித்து 10,21,020 ஆக்கினால் 256 ஆகுமா? ஆகாது, 192 தான். 2-க்கு இப்போது அடுக்கு 2. அதை விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். மூன்று வழி, மற்ற ஆறுக்கும் இரண்டிரண்டு: 3×64.