பிரேக் பேட், டிஸ்க், லைனர்: மலையில் ஓடும் காருக்கு எப்போது மாற்ற வேண்டும்?

கொழும்பில் ஒரு செட் பேட் (வீலோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) எத்தனை கிலோமீட்டர் தாங்கியது என்ற கணக்கு இங்கே உதவாது. நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஒரு தடவை போனாலே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ஆகவே ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல் வீலைக் கழற்றி அளந்து பாருங்கள்.

முன் பேட்

சமதரையில் நிறுத்தி, பின் டயருக்குக் கட்டை வைத்து, ஜெக் போட்டு, ஸ்டாண்டும் வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி உள்ளே கையை விட வேண்டாம்.

வீல் கழன்றதும் கண்ணில் படுவது வெளிப் பேட். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் இருக்கு" என்று மூடிவிடுவதுதான் பலரும் செய்வது. தேய்வது பெரும்பாலும் உள் பேட். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, கெலிப்பரின் (பேட்டைப் பிடித்திருக்கும் பகுதி) மேல் துவாரத்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், டிஸ்க்கில் உரசும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். தகடே 5 மில்லிமீட்டர் அளவில் வரும். அதையும் கூட்டினால் தேய்ந்த பேட்டும் நல்ல பேட் போலத் தெரியும்.

புதுப் பேட்டில் இந்தப் பகுதி 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 வந்தால் மாற்றச் சொல்வது பொதுவான கணக்கு. மலையில் 4லேயே மாற்றிவிடலாம் என்பது என் கருத்து: பேட் மெலிய மெலிய, இறக்கத்தில் எழும் சூடு, பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஒயிலுக்கும் சீக்கிரம் ஏறும்.

உள்ளே 3, வெளியே 7 என்று வந்தால் பேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கெலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி, அதாவது 'பின்' (pin), இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கும். அந்தப் 'பின்'னைக் கழற்றித் துடைத்து சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஊதிவிடும். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிஸ்க்

மிகக் குறைந்த கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; துருவைத் தேய்த்தால் தெரியும். சிக்கல் அளப்பதில்தான். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்கும். வேர்னியர் அளவுகோலின் தாடை அந்த வரம்பில் உட்கார்ந்து, இல்லாத கனத்தைக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஒரே மாதிரி இரண்டு நாணயக்குற்றிகளை வரம்புக்கு உள்ளே, இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்து, சேர்த்து அளந்து, குற்றிகளின் கனத்தைக் கழியுங்கள். மொத்தம் 21.6, குற்றிகள் இரண்டும் 3.6 என்றால் டிஸ்க் 18.0. மூன்று நாலு இடங்களில் அளக்க வேண்டும்.

மேலோட்டமான கோடுகள் பரவாயில்லை. ஓரம் வரை ஓடிய வெடிப்பு இருந்தால் கனம் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். லேத்தில் போட்டுச் சீவும் யோசனை இருந்தால், சீவிய பிறகும் அந்தக் குறைந்த கனத்துக்கு மேல் நிற்குமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

பின் லைனர்

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன் டயருக்குக் கட்டை வைத்து டிரம்மைக் கழற்றுங்கள். அதன் உட்புறத்தில் உரசும் பட்டைதான் லைனர். ஒட்டிய லைனர் 1 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் மாற்றுங்கள். ரிவெட் அடித்ததென்றால், ரிவெட் தலையை நெருங்கும் முன்பே. பிரேக் ஒயில் ஊறிய லைனரைக் கழுவிப் போடவே கூடாது. ஒயில் கசிந்திருக்கக்கூடிய வீல் சிலிண்டரையும் பாருங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

அடிக்கடி வரும் குழப்பங்கள்

பனி விழுந்த காலையில் முதல் சில பிரேக்குக்குக் கீச்சிட்டு நின்றுவிட்டால் அது டிஸ்க்கில் படிந்த துரு. நாள் முழுக்கக் கீச்சிட்டால் பேட்டின் எச்சரிக்கைத் தகடு உரசுகிறதா பாருங்கள். கரகரவென்று அரைத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

இறக்கத்தின் அடியில் பெடல் பஞ்சு போல அமுங்கி, ஆறியதும் சரியாகிறதா? பேட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒயிலைச் சந்தேகியுங்கள்: அது சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அமுங்கும். டொட் 4 (DOT 4) ரக பிரேக் ஒயில் புதிதாக 230 பாகை செல்சியஸிலாவது கொதிக்கும். ஈரம் இழுத்தால் அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

ஒயில் மட்டம் மெல்ல இறங்கினால் உடனே ஊற்ற வேண்டாம். பேட் தேயத் தேய மட்டம் இறங்கும். ஊற்றி நிரப்பினால், புதுப் பேட்டுக்குப் பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். திடீரென்று இறங்கினால் கசிவு தேடுங்கள்.

புதுப் பேட் போட்டதும், வண்டியை எடுக்கும் முன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். பிறகு சமமான ரோட்டில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை பத்துத் தடவை அளவில், முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு வேகத்தைக் குறையுங்கள். ரம்பொடை இறக்கம் அதற்குப் பிறகுதான்.