மார்ச் 25: கிரேக்க வரலாற்றில் தேதி சறுக்கும் இடங்கள்

'வரலாற்றில் இன்று' தொகுக்கிறவர்களை மார்ச் 25 போலச் சறுக்கவைக்கும் நாள் குறைவு. '1821: கிரேக்கம் விடுதலை பெற்றது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அன்று கொண்டாடப்படுவது ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான புரட்சியின் தொடக்கம். தனிநாடு என்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் லண்டனில் ஒப்புக்கொண்டது 1830 பிப்ரவரி 3-இல்தான்.

சரி, தொடக்கம் என்றாவது எழுதலாமா? அங்கேயும் வழுக்கும். பாத்ராஸ் ஆயர் ஜெர்மானோஸ் அன்று அயியா லாவ்ரா மடத்தில் கொடி உயர்த்தினார் என்பது கிரேக்கப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை. மடத்தில் இருக்கும் அந்தக் 'கொடி' உண்மையில் ஒரு பீடவாசல் திரைச்சீலை. இயேசுவின் தாய் மரியாள் இறந்து கிடக்கும் காட்சியை அதில் இழை இழையாகத் தைத்திருக்கிறார்கள். ஓவியர் வ்ரிஸாகிஸ் 1865-இல் வரைந்த படம் இந்தக் கதையை எல்லார் மனதிலும் உட்காரவைத்துவிட்டது. ஜெர்மானோஸ் எழுதிய நினைவுக்குறிப்புகளிலோ அப்படியொரு காட்சியே இல்லை. கலமாட்டா நகரம் 23-ஆம் தேதியே புரட்சிக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது. புரட்சித் தலைவர் இப்சிலாண்டிஸ் அதற்கும் ஒரு மாதம் முன்பே ரஷ்ய எல்லையான புரூத் ஆற்றைப் படையோடு கடந்துவிட்டார். அப்புறம் ஏன் 25? அது மங்கள வார்த்தைத் திருநாள், இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளிடம் சொன்னதைக் கொண்டாடும் நாள். 1838-இல் மன்னர் ஓத்தோவின் ஆணை அந்தத் திருநாளையும் புரட்சி நாளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. இன்றும் அன்று தவக்காலத்துக்கு நடுவே உப்பிட்ட காட் மீனைப் பொரித்து, பூண்டு அரைத்த ஸ்கோர்தாலியாவோடு சாப்பிடுகிறார்கள்.

நாட்காட்டியில்தான் பெரிய குழப்பம். கிரேக்க அரசு 1923 வரை ஜூலியன் என்ற பழைய நாட்காட்டிக் கணக்கில் இருந்தது, அப்புறம்தான் நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்குக்கு வந்தது. அந்த வருடம் பிப்ரவரி 15-க்கு மறுநாள் மார்ச் 1. 1821-இல் இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 12 நாள், ஆக 1821 மார்ச் 25 நம் கணக்கில் ஏப்ரல் 6. முதல் நவீன ஒலிம்பிக்ஸ் ஏதென்ஸில் தொடங்கியது 1896 ஏப்ரல் 6 என்று படித்திருப்போம். ஏதென்ஸ்காரர்களுக்கு அன்று தேதி மார்ச் 25, தேசியத் திருநாள்! ஒரே பட்டியலில் புரட்சியைப் பழைய தேதியிலும் ஒலிம்பிக்ஸைப் புதிய தேதியிலும் போட்டால் இந்த ஒற்றுமை காணாமல் போகும். எந்தக் கணக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பழைய தேதியைப் புதுக் கணக்குக்கு மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு 13 நாள் கூட்டாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 20-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் 13. அந்தப் புரட்சியின்போது நடந்த நவரினோ கடற்போர் 1827 அக்டோபர் 8 என்றும் 20 என்றும் இரண்டு இடத்தில் வரும். போர் ஒன்றுதான்.

1924 மார்ச் 25-இல் நாடாளுமன்றம் குடியரசை அறிவித்தது. இது புதுக் கணக்கிலேயே உள்ள தேதி, கை வைக்க வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து கிரேக்கம் குடியரசாகவே இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். 1935-இல் மன்னராட்சி திரும்பிவிட்டது. கிரேக்கத் திருச்சபை மார்ச் 10-ஐ மார்ச் 23 ஆக்கிப் புதுக் கணக்குக்கு வந்ததும் 1924-இல்தான், குடியரசுக்கு இரண்டே நாள் முன்பு. கிரேக்கத்தில் மடங்கள் நிறைந்த அதோஸ் மலைத் துறவிகள் மாறவில்லை. அங்கே மங்கள வார்த்தைத் திருநாள் இன்றும் நம் ஏப்ரல் 7-இல்தான் வரும்.