ஆயிலில் பெட்ரோல் கலக்கிறதா? கண்டுபிடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஜெனரேட்டரோ, தண்ணீர் பம்போ, புல்வெட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் ஓட ஓடக் குறையலாம், தானாக ஏறுவதற்கு வழியில்லை. ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, குச்சியில் ஒட்டாமல் தண்ணீராய் வழிகிறது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் எங்கிருந்தோ பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. அதைப் பார்த்த பிறகும் "போன தடவை கொஞ்சம் அதிகமா ஊத்திட்டோம் போல" என்று மேலே இருப்பதை மட்டும் வடித்துவிட்டு ஓட்டுகிறார்களே, அதுதான் இன்ஜினைக் கொல்லும் முதல் தவறு.

இந்தச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் கொள்ளளவே 600 மில்லி சுமார்தான், அதனால் அரை டம்ளர் பெட்ரோல் இறங்கினாலே ஆயிலின் வழுவழுப்பு போய்விடும். பல மாடல்களில் ஆயில் பம்பும் கிடையாது, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஆயிலை வாரி இறைப்பதுதான் மொத்த லூப்ரிகேஷனும். அலுமினிய ராட் நேரடியாக கிராங்கின் மேல் சுற்றுகிற இடத்தில் நீர்த்துப்போன ஆயில் போனால் தேய்மானம் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் சென்சார் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. அது பார்ப்பது மட்டத்தைத்தான், தரத்தை அல்ல. பெட்ரோல் சேர்ந்து மட்டம் ஏறியிருக்கும்போது அது பேசாமல்தான் இருக்கும். ஆகவே சந்தேகம் வந்ததும் "ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்பது வேண்டாம். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும், அது தீப்பிடிக்கக் கூடியது.

அதற்காக அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. இன்ஜினைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் முழுக்கத் திருகிப் பார்க்க வேண்டும், முறை மாறினால் அளவும் மாறிவிடும். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அது தண்ணீர், வேறு கதை.

ஸ்டார்ட் செய்யும் கயிறு பாதியிலேயே இறுகி நின்றால் பலம் கொண்ட மட்டும் இழுப்பது அடுத்த தவறு. சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம், திரவத்தை பிஸ்டனால் அமுக்க முடியாது, ராட் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும் என்பதால் முகத்தை விலக்கிக்கொண்டு, பிளக் வயரைத் துளைக்குத் தூரமாக எர்த் செய்து வைத்து, திறந்த வெளியில் செய்யுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஆயிலில் பெட்ரோல் என்றதும் "ரிங் போச்சு", அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் தேய்ந்துவிட்டது என்று இன்ஜினைப் பிரிப்பவர்கள் நிறைய. புது ரிங்காக இருந்தாலும் அதன் வாய் இடைவெளி வழியே ராத்திரி முழுக்க பெட்ரோல் கசிந்து இறங்கத்தான் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி, சிலிண்டருக்குள் அவ்வளவு பெட்ரோல் எப்படி வந்தது என்பதுதான். டேங்க் மேலே இருக்கும் இன்ஜினில் பெரும்பாலும் பதில் கார்புரேட்டர். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் மேலே ஏறும்போது பெட்ரோல் வரும் துளையை அடைக்க வேண்டிய ஊசி, அதாவது ஃப்ளோட் நீடில், சரியாக அடைக்காததால் கிண்ணம் நிரம்பி வழிகிறது, அந்த வழிசல் இன்டேக் பக்கம் ஓடி, வால்வு திறந்து நின்றால் சிலிண்டருக்கும் அங்கிருந்து சம்ப்புக்கும் போகிறது. அதே வழிசல் ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் ஃபில்டர் நனைந்திருக்கும். இரண்டும் ஒரே நோய்தான்.

கார்புரேட்டரைக் கழற்றியவர்களும் ஸ்பிரே அடித்துத் துடைத்து அப்படியே மாட்டிவிடுகிறார்கள். நீடிலின் ரப்பர் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். துளையின் வாயான சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மெல்லிய வளையம் போலத் தடம் விழுந்திருந்தால், நகத்துக்கு அது தட்டுப்பட்டால், எவ்வளவு கழுவினாலும் அது அடைக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். சீட்டில் ஒரு துகள் இருந்தாலும் போதும், கசியும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளக் சளக்கென்றால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. மாட்டுமுன் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் செருகி ஊதுங்கள். ஃப்ளோட்டின் எடையிலேயே நீடில் அடைத்துக்கொண்டு காற்று போகக்கூடாது, ஃப்ளோட்டை லேசாகத் தூக்கினால் போக வேண்டும். அடைக்கவில்லையே என்று நீடிலைத் தாங்கும் ஃப்ளோட்டின் நாக்கைக் கண்டபடி வளைத்துவிடாதீர்கள். டேங்கில் துரு இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதே தூசி திரும்ப வந்து உட்காரும்.

டேங்க் கீழே இருந்து பெட்ரோல் பம்ப் வைத்த இன்ஜின் என்றால் கார்புரேட்டரை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸிலிருந்து பம்புக்குப் போகும் பல்ஸ் டியூபைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் பம்பின் உள்ளே துடிக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, பெட்ரோல் நேராக அந்த வழியில்தான் இறங்குகிறது.

ஓட்டாதபோது டேங்கின் பெட்ரோல் டேப்பை மூடி வைத்தால் போதும் என்பார்கள். பழக்கம் நல்லதுதான், ஆனால் அது பழுதை மறைக்குமே தவிர சரிசெய்யாது. பழுது பார்த்த பிறகு கலந்த ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, இன்னொரு தடவை மாற்றுங்கள், மூலைகளில் தங்கியது அப்போதுதான் வெளியேறும். வடித்தது பெட்ரோல் மாதிரியே தீப்பிடிக்கும், மூடிய கேனில் தனியாக வையுங்கள். அப்புறம், நெருப்பும் கரண்டும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் ராத்திரி முழுக்க டேப்பைத் திறந்தே விட்டு, காலையில் மட்டத்தைப் பாருங்கள். பம்ப் வைத்த இன்ஜினுக்கு இந்தச் சோதனை பத்தாது, டயாஃப்ரம் கசிவு ஓடும்போதுதான் வரும், அதனால் ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, அதன் பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.