மத்தியானத்தில் திணறும் கேம்: பழைய கணினியை ஓட வைக்கும் வழி

தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு கேம் திறந்தால் முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு படம் வெட்டி வெட்டி வரும். அதே லேப்டாப்பில் அதே கேமை மழை ஓய்ந்த ராத்திரி எட்டு மணிக்குத் திறந்தால் ஒரு தொல்லையும் இருக்காது. ரேம் (கேம் ஓடும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக மெமரி) பற்றவில்லை என்பார்கள். அப்படியென்றால் நேரம் பார்த்தா பற்றாமல் போகும்? சூடுதான் காரணம். இது தெரியாமல்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகருக்குப் பஸ் ஏறிப்போய், தேவையில்லாத சாமானுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு வருகிறார்கள்.

நம் தோட்டப்புறங்களில் பெரும்பாலும் புழங்குவது ஆபீஸ்களில் கழித்துவிட்ட லேப்டாப்புகள்: இண்டெல் ஐ5 சிப், நான்காம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறை வரை, படம் வரைவதற்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கீழே சொல்வது முக்கியமாக அவற்றுக்கு. டெஸ்க்டாப் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

கேம் ஓடும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். கூடவே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து வையுங்கள். 20 நிமிடம் விளையாடிவிட்டு வந்து பார்த்தால் போதும்.

சிபியு என்ற முக்கியச் சிப்பின் சூடு 95 டிகிரிக்கு மேலேயே நின்று, கடிகார வேகம் (சிப் வேலை செய்யும் வேகம்) தொடக்கத்தில் இருந்ததைவிடப் பாதியாகியிருந்தால் சூட்டுக் கோளாறு. இண்டெல் லேப்டாப் சிப்புகள் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டித் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மெமரி, அதாவது ரேம், 90 விழுக்காட்டைத் தாண்டி, டிஸ்கும் 100ஐத் தொட்டால் ரேம் பற்றவில்லை. மெமரி மிச்சமிருந்தும் புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திக்கினால் ஹார்ட் டிஸ்க் மெதுவானது. கிராபிக்ஸ் 99 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் கேமின் செட்டிங்கைக் குறைக்க வேண்டும். படம் வழுவழுவென ஓடுகிறது, ஆனால் எதிரி மட்டும் இங்கிருந்து அங்கே தாவுகிறான் என்றால் அது கணினியின் குற்றமே இல்லை, இணைய லைன் கோளாறு.

சூடு

அறைச் சூடு கூடினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஏர்கோன் அறையில் 24 டிகிரி, தகரக் கூரை வீட்டில் 33 டிகிரி. அந்த ஒன்பது டிகிரியை மென்பொருளால் குறைக்க முடியாது. ஆகவே செலவில்லாத வேலை முதலில்: லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். நான்கு மினரல் வாட்டர் மூடிகளை அடுக்கி வைத்தாலும் போதும், அடிப்பக்க ஓட்டைகள் அடைபடக் கூடாது. மெத்தை, தலையணை, பாய் மேல் வைத்து விளையாடவே கூடாது. வீட்டுக் காற்றாடி மேசைப் பக்கம் திரும்பியிருந்தாலே சில டிகிரி இறங்கும்.

அடுத்தது தூசி. வெளியிலிருந்து ஊதினால் தூசி போய்விடும் என்று நினைப்பது தவறு. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளேதான் போகும். அடிமூடியைத் திறந்தே ஆக வேண்டும். மிஷினை முழுக்க நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி வயரைப் பிடுங்குங்கள். திருகாணிகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக, எடுத்த வரிசையில் போட்டு வையுங்கள். நீளமான திருகாணியைக் குட்டையான இடத்தில் முடுக்கினால் மேல்பக்க பிளாஸ்டிக் புடைத்துக்கொள்ளும், சில சமயம் போர்டே விரிசல் விடும்.

ஃபேனை ஊதும்போது ஒரு சாத்தே குச்சியால் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போகும்.

நான்கைந்து வருடமாகத் திறக்காத மிஷின் என்றால் சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவிலுள்ள, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். செம்புத் தகட்டின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1இலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். ஃபார்மசியில் கிடைக்கும் 70 விழுக்காடும் உதவும், நன்றாகக் காயவிட்டால் சரி. லேப்டாப் சிப்பில் மூடி இல்லாததால் மூலை முடுக்கெல்லாம் மெல்லிசாகப் பூச வேண்டும். டெஸ்க்டாப்பில் நடுவில் பச்சைப்பயறு அளவு ஒரு பொட்டு போதும், அமுக்கும்போது தானே பரவும். தடித்த ஒட்டுப்பட்டை மாதிரி ரப்பர் துண்டுகள் ஒட்டியிருக்கும் இடங்களில் பேஸ்ட் போடாதீர்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது, அந்தச் சிப்புகள் வெந்து போகும்.

இண்டெலோடு வரும் டெஸ்க்டாப் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். அதில் ஒன்று கழன்றிருந்தாலே சூடு எகிறும். கூலரை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடவே கூடாது. மாட்டும்போது ஒவ்வொரு காலையும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, குறுக்காக எதிரெதிர் கால்களாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். கேஸுக்குள் எறும்புப் புற்று, பல்லி முட்டை இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம், துடைத்துவிடலாம். பவர் சப்ளைப் பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடந்தால் மட்டும் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் கரண்ட் தேங்கி நிற்கும்.

திறக்கப் பயமாக இருந்தால் ஒரு மாற்று வழி உண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், புரோசசர் பவர் மேனேஜ்மெண்ட் என்று போய், மேக்சிமம் புரோசசர் ஸ்டேட்டை 100இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு விழுக்காடுதானே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இண்டெல் மிஷின்களில் டர்போ வேகம் (சிப் தானாக எகிறும் கூடுதல் வேகம்) அப்படியே அணைந்துவிடும், சூடு நன்றாக இறங்கும். எண் பார்த்தால் வேகம் குறைந்ததுதான். ஆனால் ஏறி ஏறி விழும் வேகத்தைவிட ஒரே சீரான வேகம் விளையாட நல்லது. மாடல் எண் யு என்று முடியும் சிப்புகளில் சிபியுவும் கிராபிக்ஸும் 15 வாட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்று குறைவாகத் தின்றால் மற்றதற்கு மிஞ்சும்.

ரேம்: ஒன்றா, இரண்டா

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மிஷினில் படம் வரைவதற்கும் ரேம்தான். ஒரு ரேம் மட்டும் இருந்தால் ஒற்றைத் தட சாலையில் லாரியும் காரும் சேர்ந்து ஊர்வது மாதிரி. இரண்டு ரேம் மாட்டினால் இரண்டு தடம். அதனால் இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்ப்பது, அதைக் கழற்றிவிட்டு ஒரே 8 ஜிபி போடுவதைவிட நல்லது. கேம் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சிபியு-இசட் என்ற சிறு மென்பொருளின் மெமரி பக்கத்தில் டூயல் என்று காட்டினால் சரியாக மாட்டியிருக்கிறது.

வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரண்டு ரேம் வகைகளின் வெட்டும் வேறு வேறு இடத்தில், மாற்றிப் போட முடியாது. டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் வெட்டு ஒன்றுதான், வோல்டேஜ் வேறு: முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு எல் போட்டதைத்தான் கேட்க வேண்டும். சில மெல்லிய மாடல்களில் ஸ்லாட்டே ஒன்றுதான், அங்கே 8 ஜிபி ஒன்று போடுவதைத் தவிர வழியில்லை.

ரேமைச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் கொக்கி விழும். திரை கருப்பாகவே நின்றால் பதறாதீர்கள். கழற்றி, தங்க நிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, திரும்பச் செருகுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இந்தக் கோளாறு அதிகம்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.5 அங்குல சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிப்பு, பழைய லேப்டாப்பில் அப்படியே உட்காரும். கேம் திறக்கும் நேரம் குறையும், புது இடத்தில் திக்குவது நிற்கும். ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு வரும் படங்கள்) அதிகமாகாது, கூடும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

விண்டோஸ்

சார்ஜர் செருகியே விளையாடுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜரோ, மிஷின் அடையாளம் காணாத நகல் சார்ஜரோ போட்டால் சில மாடல்கள் சத்தமில்லாமல் வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். செட்டிங்ஸில் கேமிங், கேப்சர்ஸ் போய்ப் பின்னணிப் பதிவை அணையுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். குரோம் மூடியிருக்கட்டும். தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ள லேப்டாப் என்றால் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பக்கத்தில் அந்த கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு தூங்கும்.

ரேம் சுத்தம் செய்கிறேன், கேம் பூஸ்டர் என்று வரும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். அவையும் ரேமில்தான் உட்காரும். பெண்டிரைவில் கைமாறும் கிராக் கேம்களில் உங்கள் மிஷினில் அடுத்தவருக்கு கிரிப்டோ காசு தோண்டும் நிரல் ஒளிந்து வருவதுண்டு. எதையும் திறக்காத போதே ஃபேன் அலறினால் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதனால் பழைய மிஷினில் வலுக்கட்டாயமாக 11 ஏற்றித் தருகிறார்கள். வேலோரண்ட் விளையாடுகிறவர்கள் அவசரப்படாதீர்கள்: விண்டோஸ் 11இல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். இல்லாத மிஷினில் திறக்கவே திறக்காது.

கேமுக்குள்

1920×1080 என்றால் ஒரு படத்துக்கு 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1280×720 என்றால் 9 லட்சத்து 21 ஆயிரம். பாதி வேலைக்கு மேல் இங்கேயே குறைகிறது. கேமில் ரெண்டர் ஸ்கேல் (படத்தை எத்தனை விழுக்காடு அளவில் வரைவது என்ற செட்டிங்) இருந்தால் திரை அளவை விட்டுவிட்டு அதை 70க்கு இறக்குங்கள், எழுத்துகள் கூர்மையாகவே இருக்கும்.

பிறகு நிழல். ஷேடோவை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அடுத்து ஆம்பியண்ட் அக்லூஷன், ஆண்டி அலயாசிங், போஸ்ட் புராசஸிங். டெக்ஸ்சரை கடைசியில் தொட்டால் போதும், அது கிராபிக்ஸ் மெமரியைத்தான் தின்னும். தூரக் காட்சியும் கூட்டமும் சிபியுவின் சுமை. மைன்கிராஃப்ட் நல்ல உதாரணம். ரெண்டர் டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் தெரியும் என்பது) 16 என்றால் உங்களைச் சுற்றி 1,089 சங்க், அதாவது நிலத் துண்டுகள். 8 என்றால் 289தான். 4 ஜிபி மிஷினில் மைன்கிராஃப்டை ஓட்டும் ஜாவாவுக்கு 3 ஜிபி ஒதுக்கினால் வேகம் கூடாது, விண்டோஸும் கிராபிக்ஸும் மூச்சு முட்டும். 2 ஜிபியோடு நிறுத்துங்கள்.

ஃபிரேம் எண்ணிக்கை 45க்கும் 60க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தால் 40 என்று வரம்பு கட்டுங்கள். ஃபிரேம்கள் ஏறி இறங்காமல் ஒரே சீராக வரும், கண்ணுக்கு அதுதான் இதம்.

கைப்பேசி கேமான மொபைல் லெஜண்ட்ஸை எமுலேட்டரில் (கணினிக்குள் கைப்பேசி போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டுவதென்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங் பக்கம்) விர்ச்சுவலைசேஷனை முதலில் திறக்க வேண்டும். எமுலேட்டருக்கு 2 கோர், 2 ஜிபி ரேம், திரைக்கு 720 உயரம் என்று வையுங்கள். உண்மையைச் சொன்னால் ஒரு முழு ஆண்ட்ராய்டையே சுமக்கும் வேலை அது. ஓரளவு நல்ல கைப்பேசி இருந்தால் அதிலேயே ஆடலாம்.

லைனும் இடியும்

லைன் சந்தேகம் என்றால் பயிற்சி ஆட்டம் ஒன்றை வேறு ஆட்டக்காரர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் கணினியில் குற்றமில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்கள் வைஃபைக்குப் பதில் யூஎஸ்பி வயரில் இணைத்து, கைப்பேசியை ஜன்னலோரம் வையுங்கள். தகரச் சுவர் சிக்னலை விழுங்கும். விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு என்று குறித்துவிட்டால் ஆட்டத்தின் நடுவே விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் இறங்காது.

சாயங்காலம் வானம் கறுத்தால் சேவ் செய்துவிட்டு சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ரவுட்டர் பிளக்கையும் லேன் வயரையும் சேர்த்தே கழற்றுங்கள், டெலிபோன் கம்பி வழியாக வரும் மின்னலும் அந்த வயரில்தான் போர்டுக்குள் நுழையும்.